நாய்க்குட்டியின் கண் ஓரத்தில் சிவப்புக் கட்டி: வெட்டி எடுக்க வேண்டாம், உள்ளே வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்

திருச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டு பீகிள் குட்டி லட்டுவுக்கு நான்கு மாதம். வலது கண்ணில், மூக்கை ஒட்டிய ஓரத்தில் பட்டாணி அளவுக்குச் சிவப்பாக ஒன்று வெளியே வந்தது. முதலில் இரண்டு முறை தானாகவே உள்ளே போய்விட்டது. இப்போது போக மாட்டேன் என்கிறது. முதலில் பார்த்த டாக்டர் சொட்டு மருந்து எழுதி, ஒரு வாரம் பாருங்கள் என்றார். இன்னொருவர் சின்ன வேலைதான், வெட்டி எடுத்துவிடலாம் என்றார். மூன்றாவதாகப் பார்த்தவர் வெட்டவே கூடாது, உள்ளே வைத்துத் தைக்க வேண்டும் என்கிறார். அதற்குச் செலவு அதிகம். யார் சொல்வதைக் கேட்பது? பார்வை போய்விடுமா?"

மூன்றாவதாகப் பார்த்த டாக்டர் சொன்னதுதான் சரி. பார்வை போய்விடும் என்று இப்போது பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சிவப்புக் கட்டியை வெட்டி எடுத்துவிட்டால், இன்றைக்கு இல்லாவிட்டாலும் இன்னும் சில வருடங்களில் அந்தக் கண்ணுக்கு நிஜமான ஆபத்து வரலாம். நான் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிற கால்நடை மருத்துவர். இதே பிரச்சினையோடு குட்டிகளும் வருகின்றன, பல வருடங்களுக்கு முன்னால் வெட்டி எடுக்கப்பட்ட வயதான நாய்களும் வருகின்றன. இரண்டையும் பார்ப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில், வெளியே வந்திருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். அது கட்டி அல்ல, சதை வளர்ச்சியும் அல்ல. நாய்க்கு மேல் இமை, கீழ் இமை தவிர மூன்றாவதாக ஓர் இமை உண்டு. கண்ணின் உள் ஓரத்தில் மடிந்து கிடக்கும் மெல்லிய திரை அது. நாய் அரைத் தூக்கத்தில் இருக்கும்போது வெளிறிய ஒரு சவ்வு கண்ணைப் பாதி மூடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். அந்த இமைக்குள் ஆங்கில 'T' வடிவத்தில் ஒரு குருத்தெலும்பு இருக்கிறது. அதன் அடிப்பகுதியைச் சுற்றி ஒரு கண்ணீர்ச் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. சுரப்பியைக் கண்குழியின் உள்ளே இழுத்துப் பிடித்து வைத்திருப்பது ஒரு மெல்லிய இணைப்புத் திசு. சில குட்டிகளுக்கு அந்தப் பிடிமானம் பிறவியிலேயே பலவீனமாக இருக்கும். பிடி விட்டதும் சுரப்பி மேலே புரண்டு, இமையின் விளிம்பைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும். காற்றும் தூசும் பட்டதும் வீங்கிச் சிவக்கும். டாக்டர்கள் 'செர்ரி ஐ' என்று எழுதுவது இதைத்தான்.

அந்தச் சுரப்பியின் வேலைதான் இந்த விஷயத்தின் மையம். நாயின் கண்ணீரில் உள்ள நீர்ப்பகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இந்த ஒரு சுரப்பியிலிருந்து வருகிறது. மீதி, மேல் இமைக்கு உள்ளே இருக்கும் பெரிய சுரப்பியிலிருந்து வருகிறது. நாயின் கருவிழியில், அதாவது கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற படலத்தில், ரத்தக் குழாய் கிடையாது. அது உயிரோடும் தெளிவோடும் இருப்பது பெருமளவு அந்தக் கண்ணீர்ப் படலத்தை நம்பித்தான். அப்படியிருக்கும்போது பாதி வரை கண்ணீரைத் தருகிற சுரப்பியை, பார்க்க நன்றாக இல்லை என்பதற்காக வெட்டி எறிவதில் நியாயமே இல்லை.

இது எந்த நாய்க்கும் வரலாம் என்றாலும் சில இனங்களில் அதிகம். பீகிள், காக்கர் ஸ்பேனியல், லாசா ஆப்ஸோ, ஷிட்ஸு, பக், இங்கிலீஷ் புல்டாக், பிரெஞ்சு புல்டாக், கிரேட் டேன், மாஸ்டிஃப் வகைகள் எல்லாம் அந்த வரிசையில் வரும். பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தெரிந்துவிடும். நாட்டு நாய்களில் நான் இதைப் பார்ப்பது மிகவும் குறைவு. லட்டு பீகிள், நான்கு மாதம், கண்ணின் உள் ஓரம், வந்து வந்து போனது என்று நீங்கள் சொன்ன எல்லாமே பொருந்துகிறது. நீங்கள் ஏதோ சாப்பாட்டில் தவறு செய்ததாலோ, குளிப்பாட்டும்போது சோப்பு பட்டதாலோ இது வரவில்லை. அந்தக் கவலையை விட்டுவிடுங்கள்.

ஆனாலும் கண்ணில் சிவப்பாகத் தெரிவதெல்லாம் இதுவே ஆகிவிடாது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். குட்டிகளுக்கு மூன்றாவது இமையின் குருத்தெலும்பே வளைந்து வெளியே சுருண்டு நிற்பது உண்டு. பார்க்க ஏறக்குறைய இதே மாதிரி இருக்கும், வைத்தியம் வேறு. இரண்டு கண்ணிலும் கெட்டியாகப் பீளை, கூடவே காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சாப்பிட மறுப்பது என்றால், தடுப்பூசி போடாத குட்டியில் முதலில் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயை நினைக்க வேண்டும். கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. வயதான நாய்க்குத் திடீரென்று இந்த இடத்தில் கட்டி வந்தால் அது புற்றுநோயாகக்கூட இருக்கலாம், அங்கே கதையே வேறு. பக், ஷிட்ஸு மாதிரி கண் பிதுங்கிய இனங்களில் சண்டையிலோ அடிபட்டோ விழியே இமைக்கு வெளியே வந்துவிடுவது உண்டு. அது நிமிஷக் கணக்கில் ஓட வேண்டிய அவசரம். சலைனில் நனைத்த சுத்தமான துணியால் கண்ணை ஈரமாக வைத்துக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும். லட்டுவுக்கு இருப்பது அப்படிப்பட்ட அவசரம் இல்லை. நாள் கணக்கில் பார்த்து முடிவெடுக்கலாம், மாதக் கணக்கில் தள்ளக் கூடாது.

எந்த வைத்தியத்தையும் தொடங்கும் முன் இரண்டு சின்னப் பரிசோதனைகள் நடந்தாக வேண்டும். மூன்று டாக்டர்களில் யாராவது செய்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்று, கண்ணீர் அளவு பார்ப்பது. அளவுக் கோடு போட்ட மெல்லிய காகிதத் துண்டின் நுனியை மடித்துக் கீழ் இமைக்குள் செருகி, ஒரு நிமிஷம் கண்ணை மூடிப் பிடிப்போம். காகிதம் எவ்வளவு தூரம் நனைகிறதோ அதுதான் கணக்கு. 15 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் நல்லது, 10-க்குக் கீழே என்றால் கண் வறள்கிறது. இரண்டாவது, ஃப்ளோரசீன் என்ற ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் தொட்டுவிட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பது. கருவிழியில் சிராய்ப்போ புண்ணோ இருந்தால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று பச்சையாக ஒளிரும். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிஷம்கூட ஆகாது, குட்டிக்கு வலிக்காது. முதல் பரிசோதனையை மட்டும் சாயமோ மருந்தோ விடுவதற்கு முன்னாலேயே செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு தப்பும்.

இனி முதல் டாக்டர் சொன்ன வழி. சொட்டு மருந்து வீக்கத்தையும் எரிச்சலையும் குறைக்கும், கிருமித் தொற்று வராமல் பார்த்துக்கொள்ளும், கண்ணை ஈரமாக வைத்திருக்கும். ஆனால் பிடி விட்டுப்போன திசுவை அது மறுபடி ஒட்ட வைக்காது. சுரப்பி வெளியே வந்த முதல் ஓரிரு நாளில், வீக்கம் ஏறும் முன், மரத்துப்போக வைக்கும் சொட்டு விட்டு, இமையை மூடி, விரலால் மெதுவாக அழுத்தி உள்ளே தள்ளிவிடுவது உண்டு. சில குட்டிகளுக்கு அதோடு சரியாகியும்விடும். பெரும்பாலான குட்டிகளுக்கு மறுபடி வெளியே வரும். லட்டுவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை போய் வந்து, இப்போது உள்ளே போகவே மறுக்கிறது என்றால் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. அதற்காக முதல் டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் ஒரு வாரம் மருந்து விட்டுப் பார்ப்பது தவறான வைத்தியம் இல்லை. அந்த ஒரு வாரத்தை மூன்று மாதமாக இழுப்பதுதான் தவறு.

சொட்டு மருந்து பற்றி ஒரு எச்சரிக்கை. இதை அலட்சியம் செய்ததால் கண்ணையே இழந்த நாய்கள் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் 'கண் சிவந்திருக்கிறது, ஏதாவது சொட்டு கொடுங்கள்' என்று கேட்டால் கிடைப்பவற்றில் பல, ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் கலந்தவை. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன் என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். மருந்தின் பெயருக்குப் பின்னால் ஆங்கில 'D' மாதிரி ஓர் எழுத்து ஒட்டியிருப்பது பல நேரம் அதற்கான அடையாளம். எழுத்தை மட்டும் நம்பாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று படியுங்கள். கருவிழியில் புண் இல்லை என்று சாயம் போட்டு உறுதி செய்த பிறகு, வீக்கம் குறைய ஸ்டீராய்டு சொட்டை டாக்டர் எழுதுவது சரியான வைத்தியம்தான். புண் இருக்கும்போது அதே சொட்டை விட்டால் புண் ஆறாது; கருவிழி இளகிக் கரைந்து ஓட்டை விழும் நிலைக்குக்கூடப் போகும். குட்டி வெளியே வந்த சுரப்பியைக் காலால் பிறாண்டிக்கொண்டே இருப்பதால் சிராய்ப்பு எப்போது வேண்டுமானாலும் விழலாம். அதனால் போன வாரம் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டைக் கண்ணைக் காட்டாமல் இந்த வாரமும் தொடர வேண்டாம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு திறக்க மறுத்தால் சொட்டை நிறுத்திவிட்டு அன்றைக்கே காட்டுங்கள்.

வீட்டுப் பெரியவர்கள் தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, தேன், விளக்கெண்ணெய் என்று சொல்வார்கள். பாசத்தில் சொல்கிறார்கள், ஆனால் இந்தக் கண்ணில் எதையும் விட வேண்டாம். சுத்திகரிக்காத எதுவும் கிருமியோடுதான் போகும். வலிக்கிறதோ என்று நினைத்து மனிதர்களுக்கான பாரசிட்டமால், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளையும் கொடுத்துவிடாதீர்கள். இத்தனூண்டு குட்டிக்கு அவை விஷமாக முடியலாம்.

இரண்டாவது டாக்டர் சொன்ன 'வெட்டி எடுத்துவிடலாம்' என்ற வழிக்கு வருவோம். ஒரு காலத்தில் உலகம் முழுக்கவே இப்படித்தான் செய்தார்கள். சீக்கிரம் முடியும், தையல் வேண்டாம், மறுபடி வெளியே வராது, மறுநாளே கண் அழகாகிவிடும். நாயின் சொந்தக்காரருக்கும் திருப்தி. அதன் விலை பிறகுதான் தெரிய வந்தது. 1980-களில் சுரப்பியைத் திரும்ப உள்ளே வைக்கும் முறைகள் எழுதப்பட ஆரம்பித்தன. 1993-ல் 89 நாய்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு வெளியானது. சுரப்பியை வெட்டி எடுத்த நாய்களுக்கும், எதுவும் செய்யாமல் வெளியிலேயே விட்ட நாய்களுக்கும், உள்ளே வைத்துத் தைத்த நாய்களைவிடக் கண் வறட்சி நோய் மிக அதிகமாக வந்திருந்தது. வெட்டியதும் உடனே வராது. மேல் இமைச் சுரப்பி மீதி வேலையைச் செய்து சில வருடம் சமாளிக்கும். நாய்க்கு வயதாகி அந்தச் சுரப்பியும் தளரும்போதுதான் கண்ணீர் போதாமல் போகும். அதற்குள் வெட்டியவரும் மறந்திருப்பார், வீட்டிலும் மறந்திருப்பார்கள். அதனால்தான் 'நாங்கள் எத்தனையோ நாய்க்கு வெட்டியிருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை' என்று சிலர் உண்மையாகவே நம்பிச் சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். லாசா, ஷிட்ஸு, காக்கர், பக், புல்டாக் எல்லாம் இந்தச் சுரப்பி பிதுங்குகிற இனங்கள் என்று மேலே சொன்னேன். கண் வறட்சி நோய் தானாகவே அதிகம் வருகிற இனங்களும் ஏறக்குறைய இவைதான். ஏற்கெனவே கண்ணீர் குறைய வாய்ப்புள்ள நாயிடமிருந்து பாதி வரை கண்ணீரை நாமே பிடுங்குவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள்.

கண் வறட்சி வந்த நாய் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். குட்டியாக இருந்தபோது சுரப்பி எடுக்கப்பட்ட எட்டு வயது காக்கர் ஒன்று மேஜை மீது உட்கார்ந்திருக்கிறது. கண்ணைத் திறக்க அதற்கு மனமில்லை. மஞ்சளும் பச்சையும் கலந்த பீளை கருவிழி மீதே கயிறு மாதிரி இழுபட்டு ஒட்டியிருக்கிறது. வெதுவெதுப்பான சலைன் பஞ்சால் துடைத்து எடுத்தால் அரை மணி நேரத்தில் மறுபடி சேர்கிறது. துடைத்த பிறகு தெரியும் கருவிழியில் பளபளப்பே இல்லை. ஓரத்திலிருந்து மெல்லிய ரத்தக் குழாய்கள் நடுவை நோக்கி ஊர்ந்திருக்கின்றன, அதன் பின்னாலேயே பழுப்புக் கறை படர்ந்திருக்கிறது. காகிதத்தை வைத்தால் ஒரு நிமிஷத்தில் மூன்று மில்லிமீட்டர். இந்த நாய்க்கு சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் கண் மருந்தை ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஆயுள் முழுக்கப் போட வேண்டும். கூடவே செயற்கைக் கண்ணீர் பல வேளை. அந்த மருந்துகள் மிச்சமிருக்கும் சுரப்பியைத் தூண்டித்தான் வேலை செய்யும். அதன் பலன் தெரியவே சில வாரம் ஆகும். சுரப்பியே இல்லாத இடத்தில் அவை எதைத் தூண்டும்? இரண்டாவது டாக்டர் சொன்ன செலவோடு இதையும் கூட்டிப் பாருங்கள். மாதாமாதம் மருந்துச் செலவு, தினமும் இரண்டு வேளை பிடித்து உட்கார வைக்கிற சிரமம், அந்த நாயின் வேதனை எல்லாம் சேர்ந்தால் எது மலிவு என்பது தெரிந்துவிடும். சுரப்பியை எடுப்பது நியாயமாகிற இடம், அது புற்றுநோயாக இருக்கும்போதோ, காப்பாற்ற முடியாதபடி அழுகிப் போயிருக்கும்போதோதான்.

மூன்றாவது வழி அறுவை சிகிச்சை செய்து சுரப்பியை அதன் இடத்தில் வைப்பது. இதில் முக்கியமாக இரண்டு முறைகள் உண்டு. அதிகம் செய்யப்படுவது பை போல மடித்துத் தைக்கும் முறை. குட்டிக்கு முழு மயக்கம் கொடுத்து, மூன்றாவது இமையை வெளியே இழுத்துத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, விழியைப் பார்த்த பக்கத்தில் சுரப்பிக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக வளைந்த இரண்டு கீறல்கள் போடுவோம். சவ்வு மட்டும்தான் கீறப்படும், சுரப்பியில் கத்தி படாது. பிறகு சுரப்பியை உள்ளே அமுக்கி, இரண்டு கீறல்களின் வெளி ஓரங்களையும் அதன் மேலே கொண்டுவந்து சேர்த்துத் தைத்துவிடுவோம். முந்தானை முனையில் காசை வைத்து முடிந்துகொள்கிற மாதிரி, சுரப்பி சவ்வுக்குள் மறைந்துவிடும். தையல் நூல் தலைமுடி போன்ற மெல்லிசு. தானே கரைந்துவிடும், பிரிக்க வேண்டாம்.

கேட்க எளிதாக இருந்தாலும் கைப்பக்குவம் தேவைப்படுகிற இடங்கள் இரண்டு இருக்கின்றன. தையலின் இரண்டு முனையிலும் சின்ன இடைவெளி விட வேண்டும். முழுக்க மூடிவிட்டால் சுரப்பி சுரக்கிற கண்ணீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கி நீர்க்கட்டியாகிவிடும். அடுத்தது முடிச்சு. அது இமையின் வெளிப்பக்கம் வர வேண்டும். உள்பக்கம் வந்தால், குட்டி ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் அந்த முடிச்சு கருவிழியை உரசிப் புண்ணாக்கும். அறுவை சிகிச்சை முடிந்த சில நாளில் கண்ணைத் திறக்காமல் நீர் கொட்டிக்கொண்டே இருந்தால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

இன்னொரு முறையில் சுரப்பியை நூலால் கட்டி, கண்குழி எலும்பின் விளிம்பில் உள்ள சவ்வோடு நங்கூரம் பாய்ச்சிவிடுவார்கள். பிடி நன்றாக இருக்கும், ஆனால் மூன்றாவது இமையின் அசைவு கொஞ்சம் குறையும். கிரேட் டேன், மாஸ்டிஃப், புல்டாக் மாதிரி மறுபடி பிதுங்க வாய்ப்பு அதிகமுள்ள இனங்களிலும், ஒரு முறை தைத்துத் தோற்றுப்போன கண்ணிலும் இதைத் தனியாகவோ பை முறையோடு சேர்த்தோ செய்வது வழக்கம். குருத்தெலும்பும் வளைந்திருந்தால் அந்த வளைந்த துண்டை மட்டும் அதே நேரத்தில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எப்படித் தைத்தாலும் நிற்காது. பீகிளுக்குப் பை முறையே பெரும்பாலும் போதும். பழகிய கை செய்தால் பத்தில் ஒன்பது கண்கள் ஒரே முறையில் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்கலாம். மறுபடி வெளியே வந்தால் மறுபடி தைக்கலாம்; வெட்டி எடுத்ததைத்தான் திரும்ப வைக்க முடியாது.

எப்போது செய்வது? சீக்கிரம் செய்வது நல்லது என்பது என் கருத்து. வெளியே கிடக்கக் கிடக்கச் சுரப்பி தடித்து வீங்கும், உள்ளே அடங்காது. குருத்தெலும்பும் வளைய ஆரம்பிக்கும். நான்கு மாதக் குட்டிக்கு மயக்கம் கொடுக்கலாமா என்று பயப்படுகிறவர்கள் உண்டு. உடம்பு நன்றாக இருந்து, எடை சரியாக இருந்து, ரத்தப் பரிசோதனையில் குறை இல்லையென்றால் கொடுக்கலாம். இன்னும் சின்னக் குட்டியாக இருந்தால் சில வாரம் கண்ணை ஈரமாக வைக்கும் ஜெல் போட்டுக் காத்திருப்பதும் சரிதான். தேதி குறிக்கும்போது டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: எந்த முறையில் தைக்கிறீர்கள், இதற்கு முன் செய்திருக்கிறீர்களா, மூச்சுக் குழாய் போட்டு ஐசோஃப்ளூரேன் வாயு மயக்கம் உண்டா, ஆக்சிஜன் அளவைக் கருவி வைத்துப் பார்ப்பீர்களா, மறுபடி வெளியே வந்தால் என்ன செய்வீர்கள்? நல்ல டாக்டர் யாரும் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பக், புல்டாக் வைத்திருப்பவர்கள் மயக்கம் பற்றிய கேள்விகளைக் கட்டாயம் கேட்க வேண்டும். மூக்கு சப்பையான நாய்க்கு மயக்கம் தெளிகிற நேரம்தான் மூச்சுத் திணறலுக்கான நேரம்.

சாப்பாடு நிறுத்துவதில் ஒரு விஷயம். பெரிய நாய்க்குச் சொல்வது போல முந்தின ராத்திரியிலிருந்தே பட்டினி போட்டுவிடாதீர்கள். குட்டிக்கு ரத்தத்தில் சர்க்கரை சீக்கிரம் இறங்கிவிடும். லட்டு வயதுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. உங்கள் டாக்டர் சொல்கிற நேரத்தையே பின்பற்றுங்கள்.

செலவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். தனியார் மருத்துவமனைகளில் இது இடத்துக்கு இடம் பெரிதும் மாறும். கட்டுப்படியாகவில்லை என்றால் அதற்காக வெட்டி எடுக்கிற வழிக்குப் போக வேண்டாம், கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். திருச்சிக்கு நாமக்கல் கல்லூரியும் ஒரத்தநாடு கல்லூரியும் பக்கம்தான். தெற்கே இருப்பவர்களுக்குத் திருநெல்வேலி, வடக்கே சென்னை வேப்பேரி. அங்கே அறுவை சிகிச்சைப் பிரிவில் இந்த மாதிரிக் கண்களைத் தொடர்ந்து பார்க்கிறார்கள். கட்டணம் தனியாரோடு ஒப்பிட மிகக் குறைவு. காலையிலேயே போய் சீட்டு போட வேண்டும், காத்திருக்க வேண்டும், அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்து இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். அவ்வளவுதான் சிரமம். தடுப்பூசி அட்டையையும் இதுவரை விட்ட சொட்டு மருந்துகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

தேதி வரும்வரை வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். டாக்டர் எழுதிய கிருமிக்கான சொட்டு, கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் உள்ள செயற்கைக் கண்ணீர் ஒரு நாளைக்கு நான்கைந்து வேளை, இரண்டுக்கும் நடுவே ஐந்து பத்து நிமிஷ இடைவெளி. கழுத்தில் மாட்டுகிற கூம்பு ஒன்று இப்போதே வாங்கிவிடுங்கள். நாய்ச் சாமான் கடைகளில் ஈ-காலர் என்று கேட்டால் தருவார்கள். கூம்பின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், குட்டையாக இருந்தால் பயனில்லை. பைக்கில் முன்னால் உட்கார வைத்துக் காற்றில் கூட்டிப் போவதை நிறுத்துங்கள்.

தைத்த பிறகுதான் உங்கள் வேலை தொடங்குகிறது. இரண்டு வாரம் கூம்பைக் கழற்றவே கூடாது. 'பாவமாக இருக்கிறது, சாப்பிடும்போது மட்டும் கழற்றினேன்' என்று சொல்லி, தையல் பிரிந்த கண்ணோடு வருகிறவர்கள் நிறைய. ஒரு முறை காலால் இழுத்தால் போதும், எல்லாம் போச்சு. கிண்ணத்தை உயரத்தில் வைத்தால் கூம்போடேயே சாப்பிடப் பழகிவிடும். சொட்டு விடும்போது முன்னால் நின்று முகத்துக்கு நேரே பாட்டிலைக் கொண்டுபோகாதீர்கள், குட்டி பயந்து தலையை ஆட்டும். மடியில் உட்கார வைத்து, பின்னாலிருந்து தாடையைப் பிடித்து நிமிர்த்தி, மேலேயிருந்து ஒரு சொட்டு. பாட்டில் நுனி கண்ணில் படக் கூடாது. முடிந்ததும் பிடித்த தீனி ஒரு துண்டு கொடுங்கள். மூன்றாம் நாளே லட்டு பாட்டிலைப் பார்த்து வாலாட்டும்.

முதல் வாரம் கண் வீங்கியே இருக்கும், முன்பைவிட மோசமாகக்கூடத் தெரியும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், இரண்டு வாரத்தில் படிப்படியாக வடியும். ஆனால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டே இருப்பது, கருவிழியில் நீலம் கலந்த வெள்ளை மங்கல், கெட்டியான பச்சைப் பீளை, சாப்பிடாமல் சோர்ந்து கிடப்பது, சிவப்புச் சதை மறுபடி எட்டிப் பார்ப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் மறுபரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். எல்லாம் நன்றாக ஆறினாலும் வருடத்துக்கு ஒரு முறை, தடுப்பூசிக்குப் போகும்போதே, கண்ணீர் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். சுரப்பியைத் தைத்து வைத்த கண்ணிலும் சில நாய்களுக்குப் பின்னாளில் வறட்சி வருவது உண்டு; ஆரம்பத்திலேயே பிடித்தால் மருந்துக்கு நன்றாகக் கேட்கும்.

உங்கள் நாய்க்கு ஏற்கெனவே வெட்டி எடுத்தாகிவிட்டது என்று இதைப் படித்துக் கலங்குகிறவர்கள் இருப்பீர்கள். எல்லா நாய்க்கும் வறட்சி வந்தே தீரும் என்று இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கண்ணீர் அளவைப் பார்த்துவாருங்கள். பீளை கெட்டியாகச் சேர்ந்தாலோ, கண்ணில் மினுமினுப்பு குறைந்தாலோ உடனே காட்டுங்கள். அதுவே அந்தக் கண்ணைக் காப்பாற்றப் போதும்.

கடைசியாக, லட்டுவின் இடது கண். ஒரு கண்ணில் வந்தால் மற்றதிலும் சில வாரத்திலோ மாதத்திலோ வருவது மிகவும் சகஜம். அறுவை சிகிச்சைக்கு முன்னால் அதுவும் வந்துவிட்டால் ஒரே மயக்கத்தில் இரண்டையும் தைத்துவிடலாம், இதை டாக்டரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இது பரம்பரையாக வருகிற பலவீனம் என்பதால் லட்டுவை இனப்பெருக்கத்துக்கு விட வேண்டாம். குட்டியை உங்களுக்குக் கொடுத்தவருக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அதே ஈற்றில் பிறந்த மற்ற குட்டிகளுக்கும் வரக்கூடும். அந்த வீட்டுக்காரர்கள், யாராவது கத்தியை எடுப்பதற்கு முன்னால் விஷயத்தைத் தெரிந்துகொள்ளட்டும்.